பதினான்கு பேர் ஏறும் லாரி

அற்புதராஜ் பயந்த சுபாவக்காரர். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மின்தூக்கி கொஞ்சம் குலுங்கி நின்றாலும் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஃபேரர் பார்க்கில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்யும் மனைவி வெரோனிகா, காலையில் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்பியாக வேண்டும். ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தும் விரைவுச்சாலைப் பக்கம் வண்டியைத் திருப்பியதில்லை. வீடு தீவின் மேற்கே, பூன் லேயில். அங்கிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளி, லாரிகள் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் இருபத்தேழு வருடமாக வேலை. இப்போது வயது ஐம்பத்தொன்று.

பட்டறையில் எஞ்சினைப் பிரித்து மாட்ட மெக்கானிக்குகள் மூன்று பேர் உண்டு. வயர், சென்சார், கணினிப் பெட்டி என்று வந்துவிட்டால் அது அற்புதராஜின் வேலை. பயம் அந்த வேலைக்கு ஒத்துவந்தது. மீட்டர் காட்டும் எண்ணை முதல் பார்வையில் நம்பமாட்டார். பிளக்கைக் கழற்றி மாட்டி மறுபடி பார்ப்பார். வயரை விரலால் ஆட்டிக்கொண்டே இன்னொரு தடவை பார்ப்பார். முதலாளி செல்வராஜ் வாடிக்கையாளர்களிடம், "நம்ம அற்புதம் கையெழுத்துப் போட்டா கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்று சொல்வது வழக்கம். அதைக் கேட்கும்போதெல்லாம் அற்புதராஜ் கையிலிருக்கும் வேலையை இன்னொரு தடவை சரிபார்ப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு அவர் பஸ்ஸில் இருந்தபோது கைப்பேசி அடித்தது. சின்னராசு. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து எட்டு வருடமாகக் கட்டுமான வேலையில் இருப்பவன். அவன் கம்பெனியின் லாரியையும் அவன்தான் ஓட்டுகிறான். காலையில் மேற்கே இருக்கும் தங்குவிடுதியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கோடியில், பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் கட்டுமானத் தளத்துக்குப் போவான். பகலில் அவர்களோடு சேர்ந்து கம்பி கட்டுவான். சாயங்காலம் அவர்களைத் திரும்ப ஏற்றி வருவான்.

"அண்ணே, வண்டி நின்னுபோச்சுண்ணே." அவன் குரலுக்குப் பின்னால் ஹாரன்கள் விடாமல் அலறின. "எக்ஸ்பிரஸ்வேயில. நடு லேன்ல."

"ஆளுங்க?"

"பின்னாடி பதினாலு பேருண்ணே. பின்னால ஒரு கண்டெய்னர் வண்டி. பிரேக் போட்டான் பாருங்க... ஒரு கை நீளம்தான் பாக்கி."

"எல்லாரையும் இறக்கு. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிக்கச் சொல்லு. யாரும் வண்டிக்குப் பின்னாடி நிக்கக்கூடாது. யாருக்காச்சும் அடி பட்டுச்சா?"

"ஒருத்தருக்கு நெத்தியில லேசா. கம்பியில இடிச்சுக்கிட்டாரு. ஓரத்துக்கு உருட்டிட்டோம்ணே, எல்லாரும் இறங்கித் தள்ளித்தான்..." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அற்புதராஜ் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோனது அவருக்குத் தெரியவில்லை. பதினான்கு பேர் விரைவுச்சாலையின் நடுவில் இறங்கி ஒரு லாரியைத் தள்ளியிருக்கிறார்கள். ஆறு நாளுக்கு முன்னால்தான் அந்த லாரிக்கு அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்த லாரி இரண்டு தடவை அவர் கைக்கு வந்திருந்தது. முதல் தடவை இரண்டு மாதத்துக்கு முன்னால், மேட்டில் இழுவை இல்லை என்று வந்தது. டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் பிளக்கில் எண்ணெய் ஊறிப்போயிருந்தது. சென்சாரை மாற்றினார், சரியாயிற்று. இரண்டாம் தடவை போன புதன்கிழமை. முகப்பில் எஞ்சின் விளக்கு எரிகிறது என்றான் சின்னராசு. பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியதும் டர்போவின் காற்றழுத்த சென்சார் என்று பளிச்சென்று காட்டியது. புதிய சென்சாரை மாட்டி, பிழையை அழித்து, பட்டறையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மட்டும் வயரை ஆட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் இல்லை. அவசரம்கூட இல்லை. ஸ்கேனர் அவ்வளவு தெளிவாகச் சொன்னதால், சரி என்று விட்டுவிட்டார்.

பத்து மணிக்கு லாரியை இழுத்து வந்தார்கள். இழுவை வண்டியிலிருந்து இறக்கிச் சாவியைத் திருப்பியதும் ஒரே சுற்றில் எஞ்சின் ஓடியது. ஒன்றுமே நடக்காததுபோல் சீராக ஓடியது. அதுதான் அற்புதராஜை மேலும் கலக்கியது. கெட்டது கெட்டபடி இருந்தால் பிடித்துவிடலாம். விட்டு விட்டு வருவது, எங்கே எப்போது வரும் என்று தெரியாது.

ஸ்கேனரைப் போட்டார். இப்போதைக்குப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நினைவில் மூன்று பதிந்திருந்தன. டீசல் அழுத்தம், டர்போ காற்றழுத்தம், எஞ்சின் சுற்றைக் கணக்கிடும் கேம் சென்சார். மூன்றும் காலை ஏழு பதினொன்றுக்கு, ஒரே நொடியில்.

செல்வராஜ் பின்னால் வந்து நின்றார். "என்ன அற்புதம், க்ளியர்தானே?"

"மூணு சென்சாரும் ஒரே செகண்டுல சாகாது, பாஸ். அதுல ரெண்டு நான் புதுசா போட்டது."

"அப்புறம்?"

"மூணுக்கும் கணினிப் பெட்டியிலேருந்து ஒரே அஞ்சு வோல்ட்டுதான் போகுது. ஒரு வயரு, போற வழியில மூணா பிரியுது. அந்த அஞ்சு வோல்ட்டு எங்கயோ போய் இரும்புல தட்டுது. தட்டினா மூணும் ஒண்ணா குருடாயிடும். எஞ்சின் நின்னுடும்."

"இப்ப அளந்து பாத்தியா?"

"பாத்தேன். அஞ்சு இருக்கு."

"அஞ்சு இருக்குல்ல? அப்ப என்ன லா?" செல்வராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு வண்டி வேணும்னு கம்பெனியில ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. சாயங்காலம் ஆளுங்கள ஏத்தணுமாம்."

"தர முடியாது, பாஸ்."

இந்த இருபத்தேழு வருடத்தில் அற்புதராஜ் முதலாளியிடம் அப்படிப் பேசியதில்லை. செல்வராஜ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபப்படவில்லை. "நாலு மணி வரைக்கும் பாரு. அதுக்கப்புறம் நான் அவங்களுக்கு பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சின்னராசு ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தான். முட்டியெல்லாம் தார்க் கறை. அற்புதராஜ் அவன் பக்கத்தில் குந்தினார்.

"எந்த இடத்துல நின்னுச்சு, ராசு? சரியாச் சொல்லு."

"பாலத்து மேல ஏறயிலண்ணே. ஆக்சிலேட்டர அழுத்துனேன், வெட்டுன மாரி நின்னுருச்சு. போன வாரமும் மேட்டுலதான் அந்த லைட்டு எரிஞ்சுச்சு."

"காலி வண்டியில வந்திருக்கா?"

அவன் யோசித்தான். "இல்லண்ணே. ஆளுங்க இருக்கயிலதான்."

பாரம், மேடு, சூடு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வரும் என்றால், மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. அந்த லாரியில் அவரே உட்கார்ந்து போக வேண்டும். வழியில் அது நிற்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டும்.

பட்டறையில் கிடந்த இரண்டு பழைய கியர்பாக்ஸ்களையும் பக்கத்துக் கடையின் மணல் மூட்டைகளையும் ஃபோர்க்லிஃப்டால் லாரியில் ஏற்றினார்கள். அற்புதராஜ் அந்த ஐந்து வோல்ட் வயரிலிருந்து நீளமாக ஒரு வயர் எடுத்து, மீட்டரை ஓட்டுநர் பகுதிக்குள் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். விரைவுச்சாலைக்கு வேண்டாம், அதற்கு முன்னால் இருக்கும் மேம்பாலச் சரிவு போதும் என்று முடிவு செய்தார். பின்னால் வருபவர்களுக்குத் தெரியட்டும் என்று, மெக்கானிக் ஜெய் பட்டறையின் வேனை மஞ்சள் விளக்கு போட்டுக்கொண்டு ஒட்டி வந்தான்.

முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. மீட்டரில் 5.01. இரண்டாவதிலும் இல்லை. 5.00. எஞ்சின் நன்றாகச் சூடேறிவிட்டது. சீட்டுக்கடியிலிருந்து வெக்கை தொடையில் ஏறியது. மூன்றாவது தடவை சரிவில் ஏறும்போது சின்னராசு சொன்னான்: "இப்ப அழுத்துறேன்ணே."

5.01. 5.01. 0.38.

எஞ்சின் சத்தம் அறுந்துபோனது. அதன் பிறகு டயர்கள் தாரில் உராயும் சத்தம் மட்டும்தான். சின்னராசு ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டினான். எஞ்சின் இல்லாமல் அது கல்போல் இறுகியிருந்தது. பக்கக் கண்ணாடியில் ஒரு மண் லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜெய்யின் வேனை அது பார்த்ததா இல்லையா என்று தெரியவில்லை. அற்புதராஜ் கதவுக் கைப்பிடியைப் பற்றினார். இறங்கி ஓடிவிடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது, பிற்பாடு வெரோனிகாவிடம் அதை அவரே சொன்னார். மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. மண் லாரி கடைசி நேரத்தில் வலப்பக்கம் ஒடித்து, ஹாரனை நீட்டி அடித்தபடி உரசாமல் கடந்தது. இவர்களின் லாரி ஆடி அடங்கி நின்றது.

"பாத்தீங்களாண்ணே?" என்றான் சின்னராசு.

"பாத்தேன்." மடியில் மீட்டர் மறுபடி 5.01 காட்டிக்கொண்டிருந்தது. "ஸ்டார்ட் பண்ணு. மெதுவா பட்டறைக்குப் போ. ஆக்சிலேட்டர அழுத்தாத."

இனி எங்கே தட்டுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஓடும் வண்டிக்கு அடியில் பார்க்க முடியாது. நிற்கும் வண்டியில் எஞ்சினுக்குப் பாரம் கொடுக்க ஒரே வழிதான் இருந்தது. வண்டிக்கு அடியில் நின்று பார்ப்பதற்காகப் பட்டறைத் தரையில் வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் லாரியை நிறுத்தினார்கள். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் இரும்புக் கட்டைகளைக் கொடுத்தார்கள். கை பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, இரண்டாவது கியரில் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வண்டி நகரத் துடிக்கும், ஆனால் நகர முடியாது. அப்போது எஞ்சின் தன் இடத்தில் முறுக்கிக்கொண்டு சாயும்.

"என் காலு வழுக்கிருச்சுன்னா?" என்று கேட்டான் சின்னராசு.

"வழுக்கக்கூடாது, தம்பி."

"ஜெய்ய உக்கார வைங்கண்ணே."

"ஜெய்க்கு இந்த கிளட்ச் பழக்கமில்ல. உனக்குத்தான் எங்க பிடிக்கும்னு தெரியும்."

அற்புதராஜ் டார்ச்சோடு பள்ளத்தில் இறங்கினார். தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் லாரியின் வயிறு. சூடான எண்ணெய் வாடை. வண்டி குதித்தால் அவர் தப்பலாம், குனிந்துகொண்டால் பள்ளத்துக்குள் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். இருந்தும் சக்கரக் கட்டைகளை டார்ச் அடித்து இன்னொரு தடவை பார்த்தார். இடது கையால் பள்ளத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு, "விடு!" என்று கத்தினார்.

எஞ்சின் உறுமியது. லாரி மூச்சைப் பிடித்ததுபோல் முன்னால் அமுங்கியது. சக்கரத்தடியில் ஒரு கட்டை கிரீச்சென்றது. எஞ்சினின் இடது பக்கம் மெல்ல மேலே எழும்பியது, இரண்டு விரல் அளவுக்கு. அவ்வளவு எழக்கூடாது. அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தது. எஞ்சினோடு சேர்ந்து வயர்க்கட்டும் எழும்பி, ஒரு இரும்புத் தாங்கியின் விளிம்பில் போய் அழுந்தியது. அழுந்திய கணத்தில் எஞ்சின் நின்றது.

"போதும்! போதும்! கியர எடு!"

அவர் டார்ச்சை அருகில் கொண்டுபோனார். வயர்க்கட்டின் மேலுறை தேய்ந்து, ஒரே ஒரு வயரில் கடுகளவு செம்பு மின்னியது. பழுது கிடைத்துவிட்டது. ஒரு நொடி உடம்பெல்லாம் லேசானது.

அடுத்த நொடி அந்த வெள்ளை டையைப் பார்த்தார்.

இழுத்து இறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை, அந்த டை, வயர்க்கட்டைத் தாங்கியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. லாரியோடு வந்த கறுப்பு கிளிப் அங்கே இல்லை. அதன் உடைந்த அடி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. டையின் நுனி சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. பட்டறையில் அப்படி வெட்டுபவர் அவர் ஒருவர்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் சென்சாரை மாற்றும்போது, எஞ்சின் சூட்டில் இற்றுப்போன அந்த கிளிப் அவர் கையில் உடைந்தது. வேறு கிளிப் இல்லை. தற்காலிகமாக இருக்கட்டும் என்று டையைப் போட்டார். அதன்பின் மறந்துபோனார். ரப்பர் கிழிந்தது அவர் தப்பு இல்லை. ஆனால் வயரைக் கொண்டுபோய் அந்த இரும்பு விளிம்பில் கட்டிவைத்தது அவர்.

பள்ளத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். மேலே வந்தால் சொல்ல வேண்டும். அந்த டையை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இடுப்பில் வெட்டுக்கத்தி இருந்தது. அதை எடுக்கவும் செய்தார். பிறகு உறைக்குள் திரும்பச் செருகினார்.

"ராசு, இங்க இறங்கி வா" என்று கூப்பிட்டார்.

சின்னராசு வந்து, அவர் டார்ச் அடித்த இடத்தைப் பார்த்தான். கிழிந்த ரப்பரைக் காட்டினார், செம்பைக் காட்டினார், கடைசியில் டையைக் காட்டினார். "இது நான் கட்டினது, தம்பி. இதனாலதான் தேஞ்சுச்சு."

"பதினாலு பேருண்ணே" என்றான். அவ்வளவுதான். ஏறிப் போய் அதே டயரின் மேல் உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அற்புதராஜுக்கு.

செல்வராஜ் பதறிப்போனார். "மவுண்ட் கிழிஞ்சது உண்மைதானே? அத மட்டும் எழுது. டை கதையெல்லாம் எதுக்கு லா? கேஸ் கீஸ்னு ஆச்சுன்னா பட்டறை என்னாகும், யோசிச்சியா?"

"யோசிச்சேன், பாஸ். எனக்கும் பயமாத்தான் இருக்கு." அற்புதராஜ் பேனாவை எடுத்தார். "ஆனா அடுத்து இந்த வண்டிய எவன் பாத்தாலும், எங்க பாக்கணும்னு அவனுக்குத் தெரியணும்ல." பழுதுத் தாளில் இரண்டையும் எழுதினார். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

நாலு மணிக்கு வண்டி போகவில்லை. கம்பெனி வேறு ஒரு லாரியை அனுப்பும்வரை பாசிர் ரிஸ்ஸில் ஆட்கள் ஏழரை வரைக்கும் மழையில் காத்திருந்தார்கள். மறுநாள் புதிய ரப்பர் மவுண்ட் வந்தது. அற்புதராஜ் அந்த வயரைப் பெட்டியிலிருந்து மூன்று சென்சார் வரைக்கும் புதிதாக இழுத்து, சரியான கிளிப்புகளைத் தருவித்து மாட்டினார். பள்ளத்தில் அதே சோதனையை ஐந்து தடவை செய்தார். கம்பெனிக்காரர் பழுதுத் தாளைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் தொலைபேசியில் சத்தம் போட்டார். வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு அற்புதராஜின் வேலையை இன்னொருவர் பார்த்தபிறகுதான் வண்டி வெளியே போகும் என்று செல்வராஜ் உத்தரவு போட்டார். அற்புதராஜுக்கு அதில் வருத்தம் இல்லை. உண்மையில் கொஞ்சம் நிம்மதிதான்.

நிம்மதி அதோடு முடிந்தது. லாரி மறுபடி ஓடத் தொடங்கிய வியாழன், அடுத்து வெள்ளி, சனி மூன்று நாளும் காலை ஏழு மணி ஆனதும் அவர் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அடித்தால் திடுக்கிட்டார். அடிக்காவிட்டாலும் திடுக்கிட்டார். "சின்னராசு தம்பிக்கே போன் பண்ணிக் கேட்டுடுங்களேன்" என்றாள் வெரோனிகா. "எந்த முகத்தோட கேக்குறது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து இருவரும் ஃபேரர் பார்க் பக்கம் சாப்பிடப் போனார்கள். வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாகப் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே சின்னராசு. கூட நாலைந்து பேர். ஒருவர் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அற்புதராஜின் கால் தானாக நின்றது.

சின்னராசு எழுந்து வந்தான். "வாங்கண்ணே" என்றான். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "நம்ம லாரிய பாத்தது இந்த அண்ணன்தான்" என்றான். அதற்கு மேல் அவன் எதையும் சொல்லவில்லை. டை விஷயத்தை அவன் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை என்பது அற்புதராஜுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் புல்தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரே சொன்னார். கிளிப் உடைந்தது, டை கட்டியது, அதற்கு முந்தின வாரம் வயரை ஆட்டிப் பார்க்காதது. ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து தூரப் போய்விட்டான். நெற்றியில் பிளாஸ்திரி போட்டவர்தான் வயதில் மூத்தவர். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்கும் அதுல ஏறலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அற்புதராஜால் ஆமாம் என்று உடனே சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஏறலாம். நானும் நாளைக்கு வர்றேன்" என்றார்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் அவர் தங்குவிடுதி வாசலில் போய் நின்றார். பின்னால் ஒருவர் ஒருவராக ஏறினார்கள். அவர் முன்சீட்டில் சின்னராசுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தீவு விரைவுச்சாலையில் ஏறியதும் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்தார். அதன்பின் விடவில்லை. ஒவ்வொரு மேம்பாலத்திலும் சின்னராசு ஆக்சிலேட்டரை அழுத்தும்போது அவருக்குக் காது அடைத்தது. கண்டெய்னர் வண்டிகள் இருபுறமும் சுவர்போல் வந்து விலகின. எஞ்சின் சத்தம் ஒரு தடவைகூட மாறவில்லை.

ஏழு இருபதுக்குப் பாசிர் ரிஸ் வந்தது. ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு குதித்து இறங்கினார்கள். அற்புதராஜ் கைப்பிடியிலிருந்து விரல்களை எடுத்தார், மடங்கியவை நிமிரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"எப்டிண்ணே இருந்துச்சு?" என்றான் சின்னராசு, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டே.

"பயமா இருந்துச்சு, தம்பி."

"எங்களுக்கு டெய்லி அப்டித்தாண்ணே."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தலைக்கவச வாரை மாட்டிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து தளத்தின் வாசலுக்குள் நடந்தான். அற்புதராஜ் பூன் லேக்கு ரயில் பிடிக்க எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினார்.